சாயக்காரர் சொன்னார், கம்பெனி எழுதிக்கொண்டது

இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேர் இப்போது எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் சேதராப்பட்டில் சின்னதாகப் பட்டறை வைத்து, பெரிய கம்பெனிகளுக்கு இரும்புத் தகட்டில் பாகங்கள் அடித்துக் கொடுக்கிறான். இன்னொருத்தி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். அவன் விற்கிறவன், இவள் வாங்குகிறவள். இரண்டு பேருக்கும் தமக்குள் எந்த வியாபாரமும் கிடையாது. ஆனால் ஒரே மாதத்தில் இருவரும் என்னிடம் சொன்ன புகார்கள் ஒரே துணியின் இரு பக்கம் மாதிரி இருந்தன.

முதலில் அவன் சொன்னது. ஒரு கம்பெனி கொடுத்த டிராயிங்கில், தகட்டில் போடவேண்டிய ஓட்டை வளைவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததாம். தகட்டை வளைக்கும்போது அந்த ஓட்டை இழுபட்டு முட்டை வடிவம் ஆகிவிடும். போல்ட் சரியாக உட்காராது. நூறு அடித்தால் ஏழெட்டு திரும்பி வரும். இவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஓட்டையை மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போட்டு நாலு மாதிரி செய்து கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். கம்பெனி இன்ஜினியர்கள் கைகுலுக்கினார்கள், டிராயிங்கை மாற்றினார்கள். அடுத்த வருஷம் அந்தப் புது டிராயிங்கை வைத்தே விலை கேட்டு, உருப்படிக்கு நாற்பது பைசா குறைத்துச் சொன்ன வேறொருவருக்கு ஆர்டரைக் கொடுத்துவிட்டார்கள். "இனிமே வாயே திறக்க மாட்டேன் டீச்சர். என்ன டிராயிங் குடுத்தாலும் அடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்" என்றான்.

இவள் சொன்னது: "நாங்க மீட்டிங் வச்சுக் கேக்கறோம் டீச்சர், இதுல என்ன மாத்தலாம், உங்க அனுபவத்துல சொல்லுங்கன்னு. ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. எல்லாத்துக்கும் 'சரிங்க மேடம்'தான்."

ஏன் திறக்கமாட்டார்கள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவளே கண்டுபிடிக்கட்டும், வகுப்பில் கணக்குப் போட வைத்த மாதிரி. இதோ இங்கே எழுதிவிட்டேன், படித்திருப்பாள்.

பொருள் சப்ளை செய்கிறவரிடமிருந்து கம்பெனி எப்படிக் கற்றுக்கொள்கிறது என்ற கேள்வி ஏதோ இன்றைய எம்.பி.ஏ. பாடம் என்று நினைக்கவேண்டாம். நம் புதுச்சேரியிலேயே முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்து, எழுத்தில் பதிவான கதை இருக்கிறது. பாடநூலில் டூப்ளே, லாலி, முற்றுகை என்று சண்டையைத்தான் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் பிரெஞ்சுக் கம்பெனி இங்கே வந்தது சண்டை போட அல்ல, துணி வாங்க.

1674-ல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே கம்பெனியின் கிடங்கை நிலைநாட்டிய நாளிலிருந்து வேலை அதுதான். நெசவாளர், சாயக்காரர், சீட்டித் துணியில் பூவேலை எழுதுகிறவர் எல்லோரும்தான் கம்பெனிக்கு, இன்றைய பேச்சில், வெண்டர்கள். ஆனால் கம்பெனிக்காரர் இவர்களோடு நேரே பேசுவது அபூர்வம். நடுவில் துபாஷி இருப்பார், அவருக்குக் கீழே ஒப்பந்த வணிகர்கள் இருப்பார்கள், அவர்களுக்குக் கீழேதான் கைவேலைக்காரர். முன்பணம் மேலிருந்து கீழே இறங்கும், துணி கீழிருந்து மேலே ஏறும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், வணிகர்களோடு துணி ஒப்பந்தப் பேச்சும் முன்பணப் பேச்சும் அதில் எவ்வளவு வருகின்றன என்று. ஆக, கம்பெனிக்குத் துணியின் விலை தெரியும், நீள அகலம் தெரியும், நல்லதா மட்டமா என்று பிரித்தெடுக்கத் தெரியும். அந்தச் சிவப்பு ஏன் துவைத்தாலும் போகவில்லை என்பது மட்டும் தெரியாது.

ஐரோப்பா அப்போது அந்தச் சிவப்புக்குப் பைத்தியமாக இருந்தது. நம் சோழமண்டலக் கரைச் சீட்டித் துணிக்கு அங்கே இருந்த மோகத்தில் உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பயந்து, பிரெஞ்சு அரசு 1686-ல் பூப்போட்ட பருத்தித் துணிக்கே தடை போட்டது. தடை 1759 வரை இருந்தது. தடை இருந்தபோதும் பெண்கள் உடுத்திக்கொண்டுதான் இருந்தார்கள், அது வேறு கதை. அங்கேயே செய்துவிடலாம் என்று பலர் முயன்றார்கள். நிறம் வரும், துவைத்தால் போகும்.

1734 வாக்கில் தெ போல்யே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரிக்கு வந்தார். அவரை விவரம் சேகரித்து வரச் சொன்னவர் பாரிசில் இருந்த வேதியியலார் தூ ஃபே. அறிவியல் மாணவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கவேண்டும். மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று 1733-ல் சொன்னவர் இவர்தான். சாயத் தொழிலை மேற்பார்க்கும் அரசுப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. தெ போல்யே செய்த காரியம் ரொம்பப் புத்திசாலித்தனமானது. பூவேலைக்காரரைத் தன் கண் முன்னால் வேலை செய்யச் சொல்லி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். பக்கத்திலேயே என்ன செய்தார்கள் என்ற குறிப்பு. அந்தக் கையெழுத்துப் பிரதி துணித் துண்டுகளோடு பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது. நம் ஊர் சாயத் தொழிலின் செய்முறை நோட்டு பாரிசில்!

அடுத்து வந்தவர் இயேசு சபையைச் சேர்ந்த கேர்தூ பாதிரியார். தமிழும் தெலுங்கும் அறிந்தவர். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உறவு இருக்கிறது என்று 1767-ல் பாரிசுக்கு எழுதி அனுப்பியவர் இவர்தான். 1779-ல் புதுச்சேரியிலேயே காலமானார். அவர் 1742 ஜனவரியில் எழுதிய ஒரு கடிதம் முழுக்க முழுக்கச் சீட்டித் துணியைப் பற்றியது. தகவல் சொன்னவர்கள், அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற பூவேலைக்காரர்கள். அவர்களைத் தனித்தனியாக, வேறு வேறு வேளைகளில் கேட்டு, ஒருவர் சொன்னதோடு இன்னொருவர் சொன்னதை ஒத்துப் பார்த்து எழுதினார். (பரீட்சையில் காப்பி அடித்தவர்களை நான் விசாரித்த முறையும் இதுதான். சம்பந்தப்பட்டவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.)

அந்தக் கடிதத்தில் வரும் செய்முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறிக்கொள்ளும். பாலில் உள்ள கொழுப்பு, மேலே எழுதும் வண்ணம் பரவாமல் தடுக்கும். பிறகு கரித்தூளால் படத்தைப் பதித்து, கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்பு ஊறிய புளித்த நீரால் கோடு இழுக்க வேண்டும். நீலம் வேண்டிய இடம் தவிர மற்ற இடம் முழுக்க மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். மெழுகை எடுத்துவிட்டு, சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீரால் எழுத வேண்டும். கடைசியில் முழுத் துணியையும் சாயவேர்க் கொதிநீரில் போட வேண்டும். சாயவேர் என்றால் நம் கடலோர மணலில் விளையும் இம்பூரல் வேர். துணி முழுக்கத்தான் சாயத்தில் கிடக்கும். ஆனால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஊன்றி நிற்கும். மற்ற இடத்தில் ஏறியது ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரிலும் வெயிலிலும் போய்விடும்.

இதில் எது ரகசியம்? எதுவுமே தனியாக ரகசியம் இல்லை. படிகாரம் ஐரோப்பாவிலும் உண்டு. சிவப்பு வேரும் அங்கே வேறொரு வகையில் உண்டு. எது முன், எது பின், எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது என்பதுதான் விஷயம். இந்த அறிவு மேசையில் உட்கார்ந்தால் வராது, நூறு முறை துணி பாழாகிப் பாழாகி வருவது. இன்றைக்கும் கம்பெனி டிராயிங் போடுகிறவருக்கும் தகட்டை வளைக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். வளைக்கிறவன் கையில்தானே ஓட்டை முட்டையாகிறது!

இன்னொன்றையும் அந்தப் பாதிரியார் விடாமல் எழுதினார். எல்லாக் கிணற்றுத் தண்ணீரும் சிவப்புக்கு ஆகாது. தனிச் சுவையுள்ள கிணறுகள் உண்டு. வேலைக்காரர்கள் நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார்கள். படிக்கும்போது எனக்கு என் தாய்மாமன் நினைவு வந்தது. முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக் குழித்தறியில் கைலி நெய்தவர். வியாபாரி புது நூல் கொண்டுவந்து போட்டால், விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பார்த்துவிட்டு, "முறுக்கு அதிகம், கஞ்சி ஏறாது, பாவு அறும்" என்பார். வியாபாரி முதலில் முணுமுணுப்பார், பிறகு நூலைத் திருப்பிக் கொடுத்து வேறு நூல் எடுத்து வருவார். அந்த வியாபாரி நூல் பார்க்கக் கற்றதெல்லாம் மாமன் வீட்டுத் திண்ணையில்தான். பின்னாளில் அவர் மற்றவர்களுக்கு நூல் தேர்ந்து கொடுக்கும் அளவுக்குப் பெரிய ஆளானார். மாமனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் மற்ற தறிகள் நின்றபோதும் மாமன் தறிக்கு நூல் வந்துகொண்டிருந்தது. எழுதாத ஒப்பந்தம் அது.

சீட்டித் துணிக்காரர்களுக்கு அந்த எழுதாத ஒப்பந்தம்கூட இல்லை. கேர்தூவின் கடிதம் பாரிசில் அச்சானது. ஐரோப்பாவில் அச்சுத் துணித் தொழில் செய்தவர்கள் அதைப் படித்தார்கள். 1759-ல் தடை நீங்கியது. 1760-ல் ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் அருகே ழூயி என்ற ஊரில் அச்சுத் துணித் தொழிற்சாலை தொடங்கினார். பிரான்சிலேயே பெயர் பெற்ற ஆலை அது. அந்த ஒரு கடிதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொன்னால் அது மிகை. அங்கே ஏற்கெனவே பலருக்குப் பாதி தெரியும், மீதியை இயந்திரமும் வேதியியலும் நிரப்பின. பாதிரியாரையும் நான் குறை சொல்லமாட்டேன். ஐரோப்பாவில் இந்தக் கலை சிறக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு வெளிப்படையாகவே எழுதினார். எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்று. தூ ஃபே பெயர் இருக்கிறது, தெ போல்யே பெயர் இருக்கிறது, கேர்தூ பெயர் இருக்கிறது, ஓபர்காம்ப் பெயர் ஒரு பாரிஸ் மெட்ரோ நிலையத்துக்கே இருக்கிறது. வெவ்வேறு வேளையில் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொன்ன அந்தப் பூவேலைக்காரர்களில் ஒருவர் பெயரை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?

சேதராப்பட்டுக்காரனின் டிராயிங்கிலும் அவன் பெயர் இல்லை. "ரிவிஷன் 2" என்று மட்டும் இருக்கிறதாம்.

இப்படித்தான் நடந்தாகவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் கிரைஸ்லர் கார் கம்பெனி 1990 வாக்கில் 'ஸ்கோர்' என்று ஒரு திட்டம் வைத்தது. பாகம் சப்ளை செய்கிறவர்கள் செலவு குறையும் வழி சொன்னால், மிச்சமாகும் பணத்தில் அவர்களுக்கும் பங்கு. பங்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால், அது அவர்கள் கணக்கில் நல்ல பெயராக ஏறி, மேலும் ஆர்டர் வரும். யோசனைகள் கொட்டின. 1995 முடிவதற்குள் 5,300 யோசனைகள் நடைமுறைக்கு வந்து, கம்பெனிக்கு ஆண்டுக்கு 170 கோடி டாலருக்கு மேல் மிச்சமானது. அதே சப்ளையர்கள், அதே மூளைகள். முன்னாலும் அவர்களுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கும். சொன்னால் நஷ்டமில்லை என்று தெரிந்ததும் சொன்னார்கள், அவ்வளவுதான். 1998-ல் ஜெர்மன் கம்பெனியோடு சேர்ந்த பிறகு நஷ்டம் வந்தது. 2000 டிசம்பரில், அடுத்த மாதமே எல்லோரும் விலையில் 5 சதவீதம் குறைக்கவேண்டும் என்று கடிதம் போனது. சிலர் வெளிப்படையாகவே முடியாது என்றார்கள். பத்து வருஷம் சேர்த்த நம்பிக்கையை ஒரு தபாலில் செலவழிப்பது எப்படி என்பதற்கு இதைவிட உதாரணம் கிடைக்காது.

நம் பக்கத்திலும் ஒன்று சொல்கிறேன். தரத்துக்கான டெமிங் பரிசு ஜப்பான்காரர்கள் கொடுப்பது, சாமானியமாகக் கிடைக்காது. இந்தியாவில் அதை முதலில் வாங்கியது எந்தக் கம்பெனி தெரியுமா? வண்டி செய்கிற கம்பெனி எதுவும் இல்லை. வண்டிக்கு பிரேக் பாகங்கள் செய்து கொடுத்த சென்னை பாடி சுந்தரம் கிளேட்டன், 1998-ல். அடுத்து 2001-ல் வாங்கிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் சப்ளையர்தான். வண்டி செய்யும் டி.வி.எஸ். மோட்டார் அதற்குப் பிறகு, 2002-ல்தான் வாங்கியது. பர்ச்சேஸ் மேனேஜர் அம்மா, உங்கள் வெண்டருக்கு ஒன்றும் தெரியாது என்று உங்கள் மேலதிகாரி சொன்னால் இதைச் சொல்லு.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தது, 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்பது. அதைச் செய்ய, எதிரே இருக்கும் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்டாக வேண்டும். கேட்டுவிட்டு, அவன் சொன்ன பதிலுக்கு வகுப்பு சிரித்தால் அடுத்த நாள் கை தூக்கமாட்டான். நாற்பது பேரை ஒரு மணி நேரம் பேச வைக்கத் தெரிந்த எந்த ஆசிரியரும் அவள் கம்பெனி மீட்டிங்கை நடத்திவிடலாம் என்று நினைக்கிறேன். சம்பளம்தான் கட்டுப்படியாகாது!

அவளுக்கு நான் போனில் சொன்னது சின்ன விஷயம். டிராயிங் முடிந்த பிறகு வெண்டரைக் கூப்பிடாதே, பென்சிலில் இருக்கும்போதே கூப்பிடு. யார் யோசனை சொன்னார்கள் என்று ஃபைலில் ஒரு கட்டம் போட்டு பெயரும் தேதியும் எழுது. அந்த யோசனையால் மாறிய பாகத்தின் ஆர்டர் குறைந்தது இரண்டு வருஷம் சொன்னவரிடமே இருக்கும் என்று உன் மேலதிகாரியிடம் எழுதி வாங்கு. வாங்க முடியாவிட்டால் மீட்டிங் வைக்காதே. அவனுக்குச் சொன்னது: வாயை மூடாதே. ஆனால் மாதிரியைக் கொண்டுபோய் மேசையில் வைப்பதற்கு முன்னால், இன்ன மாற்றம், இவ்வளவு மிச்சம், எனக்கு இத்தனை நாள் ஆர்டர் என்று ஒரு பக்கக் கடிதம் கொடு. கையெழுத்து வந்த பிறகு மாதிரியைக் காட்டு. "அப்படியெல்லாம் கேட்டா வெளியே போகச் சொல்லிடுவாங்க டீச்சர்" என்றான். சொல்லலாம்தான். நாற்பது பைசாவுக்கு ஏற்கெனவே வெளியே போகச் சொல்லிவிட்டார்களே.

கடைசியாக நீலத் துணிக் கதை. இது வரலாற்றுப் பாடத்தில் வராத, நம் ஊருக்கே உரிய கதை. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரி முக்கிய நீலத் துணி, 'கினே' என்று பெயர், கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே ஆற்றோர மூர் மக்கள் அதை வாங்கிக்கொண்டு கருவேல வகை மரத்துப் பிசினைக் கொடுத்தார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவுக்குப் போய் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? துணியில் அச்சடிக்கும் சாயத்தைக் கெட்டியாக்க! நம் ஆட்கள் சொல்லிக்கொடுத்த பூத்துணிக்கு வேண்டிய பிசினை, நம் ஆட்கள் முக்கிய நீலத் துணி வாங்கிக் கொடுத்தது.

பிரான்சின் ரூவான் நகர ஆலைக்காரர்கள் அந்த நீலத் துணியையும் காப்பி அடித்தார்கள். மூர்கள் வாங்கவில்லை. கையால் தடவி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, இது புதுச்சேரித் துணி இல்லை என்று தள்ளிவிட்டார்களாம். செய்முறை எழுத்தில் போய்விட்டது, வாசனை போகவில்லை. கடைசியில் 1820-களின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆலை இயந்திரத்தையே இங்கே கொண்டுவந்தார்கள். அப்படி வந்ததுதான் சவானா மில், பிற்காலத்துச் சுதேசி மில். 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூடு நடந்த அதே இடம். நம்மில் பலருடைய தாத்தாக்கள் வேலை பார்த்த இடம்.

அதனால் ஒரு வேண்டுகோள். முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டைப் பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களில் தறி, சாயம், பாவு ஓட்டுதல், கஞ்சி போடுதல் என்று வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பெயரையும், அவர்கள் சொன்ன ஒரே ஒரு தொழில் விவரத்தையும் எனக்கு எழுதுங்கள். கஞ்சியில் என்ன கலந்தார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் எடுத்தார்கள், எதுவானாலும் சரி. நானூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் மாமன் பெயரும் "முறுக்கு அதிகம், கஞ்சி ஏறாது" என்பதும் எழுதியாகிவிட்டது. இரண்டாவது பக்கம் காலியாக இருக்கிறது.